கோசோ குடித்த திங்கட்கிழமை

அனுப்புநர்
மொகெஸ் தெகாஃப்,
எக்காளம் ஊதுபவர் (தற்போது விலக்கப்பட்டவர்),
மிக்கேல் கோயில் கீழ்த் தெரு,
கெதெல் அம்பா, வட ஷோவா.

பெறுநர்
சங்கங்கள் பதிவு அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்,
கெதெல் அம்பா.

பொருள்: ஈமச் சங்கம் – கோசோ குடித்த காரணத்தால் என்னை விலக்கியது – இறைச்சிக் கடை ஷிபெஷி அவர்களின் சாவுக்கு எக்காளம் ஊதப்படாமல் போனது – இப்போதாவது ஊத உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சங்கத் தலைவர் வொர்கு அவர்கள் என் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போன விலக்கல் கடிதம். (மழையில் பாதி கரைந்துவிட்டது. மீதி இணைக்கப்பட்டுள்ளது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். மிக்கேல் ஈமச் சங்கத்தில் எக்காளம் ஊதும் பணியில் இருந்தேன். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால், விடியும் வேளையில் முச்சந்திதோறும் நின்று மும்முறை ஊதி, இன்னார் இறந்தார், அடக்கத்துக்கு வாருங்கள் என்று கூவுவது என் வேலை. இத்தனை ஆண்டுகளில் என்மேல் வந்த புகார் ஒன்றுதான். சத்தம் அதிகம் என்பது. அதுவும் சாவு விழுந்த வீட்டிலிருந்து வந்ததில்லை.

2. நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் பாஸ்கா பண்டிகையிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட நோன்பு முடிந்த அன்று ஊரே ஷிபெஷியின் கடையில்தான் இருந்தது. தொங்கிய தொடையிலிருந்து அவரவர் கத்தியால் அவரவர் அறுத்து, மிளகாய்ப் பொடியில் தொட்டுப் பச்சையாகவே தின்றோம். தாங்களும் அங்கே இருந்தீர்கள் என்பதை நான் இம்மனுவில் குறிப்பிடவில்லை. பச்சை இறைச்சி தின்ற வயிற்றில் இரண்டு மூன்று மாதத்தில் நாடாப்புழு தலைகாட்டுவதும், கோசோ மரத்தின் செம்பூவை இடித்துக் கரைத்துக் குடித்து அதை வெளியேற்றுவதும் நம் மலைநாட்டில் புதிதல்ல. இதில் கடைக்காரர் மேல் குற்றமில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் மாடு மாடுதான். ஷிபெஷி மட்டும் பச்சை இறைச்சி தொடமாட்டார். தினமும் கடலை மாவுக் குழம்பும் இஞ்சேரா அப்பமும்தான். ஒருமுறை நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கடை வாசலில் நின்றபோது, “மச்சான், நான் குடுத்தது மாட்டு மாமிசம் மட்டும்தான். உள்ள குடிவந்தவன்கிட்ட வாடகைய நீயே வசூல் பண்ணிக்க” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பதால் அப்போது விளைந்த சங்கடத்தை இங்கே எழுதத் தேவையில்லை.

3. விலக்கல் கடிதத்தில் தலைவர் கோசோ குடிப்பதைச் ‘சொந்த வேலை’ என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே தாங்கள் அறிந்ததே ஆயினும் சிலவற்றைப் பதிவு செய்கிறேன். முந்தின இரவு பட்டினி கிடக்க வேண்டும். விடியலில் ஒரு குவளை. அந்தக் கசப்பு வாயில் பட்டால் பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துவிடும். அதற்கு மேல் அந்த மனிதன் கொல்லைப்புறத்துக்குச் சொந்தம். புழுவின் தலை வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்கும்வரை எழுந்திருக்க முடியாது. தலை உள்ளே தங்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அதனால்தான் கோசோ குடித்தவரை அன்று யாரும் அழைப்பதில்லை. வீட்டார் கதவைத் திறக்காமலேயே “கோசோ குடிச்சிருக்காரு” என்று சொன்னால் போதும். கடன்காரன் திரும்பிவிடுவான், காவலர் திரும்பிவிடுவார், மாமியாரே திரும்பிவிடுவார். வந்தவர் வந்த காரியத்தைச் சொல்வதும் முறையல்ல. கலங்கிய வயிற்றுக்காரரிடம் நல்ல செய்தியும் ஆகாது, கெட்ட செய்தியும் ஆகாது. மறுநாள் நீங்கள் குடித்தீர்களா என்று விசாரிப்பதும் மரியாதை இல்லை. இதை ஒரு விதி நூலிலும் காண முடியாது. ஆனால் இதை மீறியவர் எவரையும் நான் கண்டதில்லை.

4. நமக்குக் கோசோ கொண்டுவரும் அம்மாள் மலையிலிருந்து சனிக்கிழமைச் சந்தைக்குத்தான் இறங்குவார். ஞாயிறு பூசை இருக்கிறது. பூசையின் நடுவில் எழுந்து ஓட முடியாது. எனவே குடிப்பவர் எவராயினும் திங்கட்கிழமைதான் குடிப்பார். சென்ற மாதமான ஹம்லேயில் ஒரு சனிக்கிழமை, பாஸ்காவுக்குப் பிறகு முதல் முறையாக அந்த அம்மாள் வந்தார். கூடை பகலுக்குள் காலியாகிவிட்டது என்று கேள்வி. யார் யார் வாங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. பிறர் கோசோ வாங்குவதை நாம் பார்ப்பதில்லை.

என் கடமையை நான் மறக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் எக்காளத்தை உதவி ஊதுபவர் லெகெஸெயிடம் கொடுத்து, நாளைக்கு நீ வைத்திரு, எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் வாங்கிக்கொண்டார். ஏன் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். கோசோ குடிக்கப் போவதை முன்கூட்டிச் சொன்னால் புழு கேட்டுவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. புழுவுக்குக் காது இருக்கிறது என்று நான் வாதிடவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை, அவ்வளவுதான். லெகெஸெக்கும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அவரும் சனிக்கிழமையே வாங்கி வைத்திருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் சொல்லவில்லை.

5. திங்கள் விடியற்காலை ஷிபெஷி மாடு அறுக்கும் கொட்டகைக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தவர், ஒரு காலில் மாட்டிய நிலையில் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் என்கிறார்கள். அவர் மனைவி தவாபெச் அம்மையார், தம் தம்பி தெரெஜெயை என் வீட்டுக்கு அனுப்பினார். அப்போது நான் குவளையைக் காலி செய்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. என் மனைவி அஸ்கலெ கதவுக்குப் பின்னால் நின்று, “தம்பி, அவரு கோசோ குடிச்சிருக்காருப்பா” என்றாள். வெளியிலிருந்து தெரெஜெ, “சரிக்கா. ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

ஐயா, அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நல்ல வளர்ப்பு. மூடிய கதவு வழியாக, தனியாக நிற்கும் ஒரு பெண்ணிடம், சாவுச் செய்தியைக் கல்லெறிவது போல் எறிய அவருக்கு மனம் வரவில்லை. சாவை நம் மக்கள் ஆட்களைக் கூட்டி, உட்கார வைத்துத்தான் சொல்வார்கள். ‘ஒண்ணும் அவசரமில்ல’ என்று சொல்லிவிட்டு அவர் மழையில் லெகெஸெ வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே பதில்.

மூன்றாவதாக அவர் போனது சங்கத் தலைவர் வொர்கு அவர்களின் வீட்டுக்கு. அங்கே கதவுக்குப் பின்னாலிருந்து என்ன பதில் வந்தது என்பதைத் தெரெஜெ இன்றுவரை சொல்ல மறுக்கிறார். நான் கேட்டதற்கு, “அண்ணே, உங்க கதவுல நடந்தத உங்ககிட்ட சொல்லிட்டேன். அவங்க கதவுல நடந்தத அவங்கதான் சொல்லணும்” என்று முடித்துவிட்டார். நானும் தலைவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் வைக்கவில்லை. அன்று மாலை அவர் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். நோன்பில்லாத நாளில் கோழி அடிக்க யாருக்கும் உரிமை உண்டு. பகல் முழுக்கக் காலியான வயிற்றுக்கு அது நல்லது என்றும் சொல்வார்கள்.

6. எக்காளம் ஊதப்படவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் சங்கக் கூடாரமும் பலகைகளும் பெரிய பானைகளும் அறைக்குள் பூட்டிக் கிடந்தன, சாவி தலைவரிடம். பிணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது? பிற்பகலில் பாதிரியார் வந்தார். தூக்க ஆள் இல்லை. ஷிபெஷியிடம் பாஸ்காவன்று தின்றவர்கள் எல்லாரும் கதவடைத்துக் கிடந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டு எதிர்ச்சாரித் துணிக்கடை முஸ்லிம் அன்பர்கள் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் நம் கடை இறைச்சி தொடுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆக, அவரிடம் ஒரு துண்டு இறைச்சிகூட வாங்கியிராதவர்கள் அவரைத் தோளில் தூக்கிப் போனார்கள். நான்காவது மூலைக்கு ஆள் போதாமல், விறகு ஏற்றிக்கொண்டு வழியோடு போன ஒரு கழுதைக்காரர் தோள் கொடுத்தார். இறந்தவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. கோயில் வாசல்வரை வந்து, கழுதையைக் காணோமே என்று திரும்பி ஓடினாராம்.

எனக்குத் தெரிந்தது சாயங்காலம். ஒரு கிண்ணம் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சும்மா உட்காருகிறவள் அல்ல. கஞ்சியை முழுக்கக் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

7. விசாரணை என்ற பெயரில் நடந்த கூட்டத்தில் தலைவர் பேசியது: “மாத்திர வந்து எத்தன வருஷமாச்சு? ஒரு மாத்திரய முழுங்கிட்டு வேலயப் பாக்க வேண்டியதுதானே. இந்தக் காலத்துல எவன்யா கோசோ குடிக்கிறான்?” கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. சிலருக்குக் கன்னம் இன்னும் ஒட்டியே இருந்தது. இதற்கு என் பதில்கள் வருமாறு.

அ) அந்த மாத்திரை நம் சுகாதார நிலையத்தில் அப்போது இல்லை. ‘அடுத்த வாரம் வரும்’ என்று கையால் எழுதிய பலகை அங்கே தொங்குகிறது. அந்தப் பலகையே பழையதாகிவிட்டது.

ஆ) மாத்திரை விழுங்கினால் உள்ளே இருந்தவன் போனானா இல்லையா என்பதற்கு மருந்துக்காரர் வாய்மொழி மட்டுமே சாட்சி. கோசோவில் கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை.

இ) கோசோவே வேண்டாம் என்று சங்கம் தீர்மானித்தால் கட்டுப்படுகிறேன். அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்குபவர் சனிக்கிழமை மதியம் எங்கே இருந்தார் என்று கேட்கமாட்டேன். கேட்பது மரியாதை இல்லை.

எல்லாரும் கை தூக்கி என்னை விலக்கினார்கள். லெகெஸெயும் தூக்கினார், பாதிதான் தூக்கினார், ஆனால் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

8. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என்னை ஏன் விலக்கினார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதாவிட்டால் இம்மனுவுக்குப் பொருள் இல்லை. எங்கள் சங்க விதிப்படி எக்காளம் ஒலித்த பிறகுதான் உறுப்பினருக்குக் கடமை தொடங்கும். ஒலித்த பின் அடக்கத்துக்கு வராதவருக்கு அபராதம். ஒலிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. எக்காளம் ஊமையாய் இருந்ததால் ஊரே தப்பித்தது.

அபராதம்கூடச் சின்ன விஷயம். வேறு எந்த வீட்டுச் சாவாக இருந்தாலும் மறுநாள் போய், மன்னிச்சிருங்கம்மா, நேத்து கோசோ குடிச்சிருந்தேன் என்று சொல்லி உட்காரலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் இறைச்சிக் கடைக்காரர் மனைவியிடம் போய் அதை எப்படிச் சொல்வது? உன் கணவன் கொடுத்த இறைச்சியால் வந்த புழுவை விரட்டிக்கொண்டிருந்தேன், அதனால் உன் கணவனைப் புதைக்க வரவில்லை என்று ஒருவர் சொன்னாலே பொறுக்காது. தெருவே வரிசையாக வந்து சொன்னால் என்ன ஆகும்? ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து, எக்காளம் கேக்கல, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்காமல் போனதற்குப் பழி ஏற்க ஓர் ஆள் வேண்டுமே, அது நான். தெரியாது என்று சொன்னவர் மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனால் தெரியும் என்றாகிவிடும். எனவே போகவில்லை. ‘விசாரணை முடியும்வரை’ கூடாரமும் கொடுக்கப்படவில்லை. விசாரணை முடிந்த பிறகு கேட்டதற்கு, அடக்கம்தான் ஆகிவிட்டதே, கூடாரம் எதற்கு என்றார்கள்.

9. நான் செவ்வாய்க்கிழமை காலையே போனேன். தவாபெச் அம்மையார் கறுப்புப் போர்வையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கென்று காப்பிக்கொட்டை நிறைய வறுத்து வைத்திருந்தார். பக்கத்து வீடுகளில் கடன் வாங்கிய கிண்ணங்கள் தட்டில் கவிழ்த்தபடி இருந்தன. நான் ஒருவன்தான் குடித்தேன். “எக்காளம் ஏன் கேக்கலன்னு கேக்கமாட்டேன் அண்ணே” என்றார். நான் வயிறு சரியில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“ஊரே கோசோ குடிச்சிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? சனிக்கிழம அந்தக் கூடை காலியானத நானும்தான் பாத்தேன். அவரு மட்டும் உசுரோட இருந்து இதக் கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. எனக்குக் கோவமே இல்லண்ணே. உக்காந்து கூடச் சிரிக்கிறதுக்கு, அப்புறம் அழுவுறதுக்கு, நாலு பேரு வந்தாப் போதும்.”

அந்த நாலு பேர் இன்றுவரை வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால், நல்லா இருக்கீங்களா, மழை எப்படி என்று கேட்டுவிட்டு வேகமாக நடக்கிறார்கள். கணவர் வெளியூர் போயிருக்கிற பெண்ணிடம் பேசுவது போலப் பேசுகிறார்கள். அவரும் மழை பரவாயில்லை என்று பதில் சொல்கிறார். இதை நான் இரண்டு முறை நேரில் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கப் பிடிக்காமல் வேறு தெரு வழியாகப் போனேன்.

10. இப்போது நெஹஸே மாதத்தின் பதினைந்து நாள் நோன்பு நடக்கிறது. இறைச்சிக் கடைகள் எல்லாமே மூடியிருக்கின்றன. ஷிபெஷியின் கடையும் நோன்புக்காகத்தான் மூடியிருக்கிறது என்று பாவனை செய்ய ஊருக்கு வசதியாகிவிட்டது. நோன்பு முடிந்த அன்று மற்றக் கடைகள் திறக்கும், இது திறக்காது. அன்று கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு கடைக்கு நடக்கும்போது, இவ்வளவு நாளும் பேசாமல் இருந்த பேச்சை இனி எந்த முகத்தோடு பேசுவது என்று அவர்களும் தவிப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வெட்கப்பட்டவர்கள். வெட்கம் நாளாக ஆகக் கல்லாகிவிடும். பிறகு அந்த அம்மையார் வாசலை யாராலும் மிதிக்க முடியாது. என் அவசரம் அதுதான்.

11. ஷிபெஷி என் நண்பர். சங்க விதிகளில் நண்பர் என்ற சொல் எங்கும் வராததால் இதை இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்தேன். முகமே தெரியாத எத்தனையோ பேருக்கு மழையிலும் குளிரிலும் நான் ஊதியிருக்கிறேன். என் நண்பர் போனபோது நான் கொல்லையில் குந்தியிருந்தேன். இதற்குத் தலைவர் தரக்கூடிய எந்தத் தண்டனையும் எனக்குப் புதிதாக எதையும் செய்துவிடாது. எனக்கு வலிக்கிறது ஐயா, அவ்வளவுதான்.

12. ஆகவே நான் கேட்பது பின்வருமாறு. என்னைச் சங்கத்தில் திரும்பச் சேர்க்கக் கோரவில்லை. விலக்கல் அப்படியே இருக்கட்டும். சங்க விதிகளைத் தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். எக்காளம் ஒலித்த பின் கடமை தொடங்கும் என்று இருக்கிறதே தவிர, சாவு நடந்து எத்தனை நாளுக்குள் ஒலிக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. நோன்பு முடிவதற்குள் ஒரு விடியலில் அதை ஊதும்படி சங்கத்துக்கு உத்தரவிடுங்கள். ஒலித்துவிட்டால் ஊர் புறப்பட்டாக வேண்டும். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, இப்போதுதானே ஒலித்தது. கூடாரத்தைக் கொடுக்கட்டும். மூன்று நாள் உட்காரட்டும். அபராதம் எவருக்கேனும் வர வேண்டுமானால் அது என் பெயரில் வரட்டும்.

நான் ஊதக் கூடாது என்றால் லெகெஸெ ஊதட்டும். அவரும் கூடாதென்றால் தலைவரே ஊதட்டும். அவருக்கு நுரையீரல் நல்ல பலம். யார் ஊதினாலும் ஊதிவிட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். ஷிபெஷி இறந்துவிட்டார் என்று இந்த ஊரில் இதுவரை ஒருவர்கூட உரக்கச் சொல்லவில்லை, ஐயா.

இடம்: கெதெல் அம்பா
நாள்: நெஹஸே மாதம், நோன்பின் நான்காம் நாள்

இப்படிக்கு,
உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மொகெஸ் தெகாஃப்
(ஒப்பம்)